சந்தில் ஒரு புல்முடிச்சு

"வாழ்க்கைப் பயணம்" என்ற தலைப்பில் கல்லூரி விழாவில் பேச வேண்டும், அந்தப் பயணத்தின் மதிப்பை நம் இலக்கியம் எப்படிச் சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு கேள்வியும்: "போய்ச் சேரும் இடம் பெரிதில்லை, போகிற வழிதான் பெரிது என்ற கருத்து சங்க இலக்கியத்தில் உண்டா?"

இல்லை. அந்த வாசகம் காலண்டர் தாளுக்குப் பொருத்தமாக இருக்கும். பசித்தவனிடம் போய்ச் சொல்ல முடியாது. சங்கப் பாட்டுகளில் நெடுந்தூரம் நடக்கிறவர்கள் பெரும்பாலும் பசித்தவர்கள். யாழையும் முழவையும் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு, எவன் சோறு போடுவான் என்று தேடிப் போகிறவர்கள். அவர்களுக்குப் போய்ச் சேரும் இடம் ரொம்ப முக்கியம். சோறு அங்கேதான் இருந்தது.

ஆனால் அதே ஆட்களை வைத்துத்தான் தமிழ்ப் புலவர்கள் வழிக்கென்றே ஒரு பாட்டு வகையை உண்டாக்கினார்கள். ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி; ஆற்றுப்படுத்துவது என்றால் வழியில் செலுத்துவது. பத்துப்பாட்டில் பத்துக்கு ஐந்து ஆற்றுப்படை. அதில் திருமுருகாற்றுப்படையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது முருகனிடம் போகிற வழி, அதன் கணக்கு வேறு. மற்ற நான்கும் கலைஞர்கள் நடந்த மண்வழி.

தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் சொல்லும்போது, ஆடியும் பாடியும் பிழைக்கும் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும் "ஆற்றிடைக் காட்சி உறழத் தோன்றி", "பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ" என்கிறது. வழிநடுவே எதிரெதிரே சந்திக்கிறார்கள். பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்கிறான். உங்கள் பேச்சுக்கு இந்த இரண்டு தொடரே போதும் என்பேன். பாட்டு புறப்பட்ட ஊரிலும் நடக்கவில்லை, சேர்ந்த ஊரிலும் நடக்கவில்லை. நடுவழியில், இரண்டு பேர் நிற்கிற இடத்தில் நடக்கிறது. ஒருவன் திரும்பி வருகிறவன், இன்னொருவன் போகிறவன். திரும்பி வருகிறவனுக்கு இனி எதிரே வருகிறவனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பொன்னும் யானையும் வாங்கிவிட்டான், வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனாலும் நிற்கிறான், சொல்கிறான். மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படையில் அவன் சொல்வது 583 அடிக்கு நீள்கிறது.

எங்கிருந்து ஆரம்பிக்கிறான் என்று பாருங்கள். சிறுபாணாற்றுப்படையில் திரும்பி வரும் பாணன் தன் வீட்டு அடுப்படியைக் காட்டுகிறான். அங்கே குட்டி போட்ட நாய் ஒன்று படுத்திருக்கிறது. கண் திறக்காத, காது தொங்கிய குட்டிகள் பால் குடிக்க முட்டுகின்றன. தாய்க்கு மடியில் பால் இல்லை, வலி பொறுக்காமல் குரைக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள்: "குப்பை வேளை உப்பிலி வெந்ததை". அதற்குப் பிறகு வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். "மடவோர் காட்சி நாணிக் கடை அடைத்து". அறியாத சனம் பார்த்துவிடப் போகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அன்று ஊராரிடம் மறைத்த சாப்பாடு அது. இன்று முன்பின் தெரியாத ஒருவனிடம் நடுவழியில் அதையே திறந்து சொல்கிறான். ஏன்? எதிரே நிற்பவனும் அதே கீரையைத்தான் தின்றுவிட்டுப் புறப்பட்டிருப்பான் என்று அவனுக்குத் தெரியும். வள்ளல் நல்லியக்கோடனின் பெருமை பிறகு வரட்டும். முதலில் "நானும் உன்னைப் போலத்தான்". அந்தப் பேச்சு இல்லாமல் வழி சொன்னால் எவன் நம்புவான்?

பொருநராற்றுப்படைக்காரன் இன்னும் வேடிக்கையான ஆள். கரிகாலனிடம் போகும்போது அவன் கட்டியிருந்த துணியில் ஈரும் பேனும் குடியிருந்தன, வேர்வையில் நனைந்து, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். அங்கே போனபிறகு தின்றான், தின்றான், இரவும் பகலும் கறி தின்று பல் மழுங்கிப் போயிற்று. எப்படி மழுங்கியது? கொல்லையை உழுத கொழுவைப் போல. இந்த உவமையை யார் யோசித்திருப்பார்கள்! முடத்தாமக்கண்ணியார் கட்டாயம் ஏர் பிடித்தவர்களோடு பழகியவராக இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன், ஆதாரம் எதுவும் கிடையாது.

அத்தனையும் தின்றபிறகு அவன் அரசனிடம் கேட்பது என்ன? "செல்வ, சேறும் எம் தொல்பதிப் பெயர்ந்து." ஐயா, நாங்கள் எங்கள் பழைய ஊருக்குப் போகிறோம். சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்து, வயிறும் நிறைந்து, அதன்பின் வருகிற ஆசை ஊர் திரும்புவது. கரிகாலனுக்குக் கோபம் வந்தது மாதிரி முகம் மாறுகிறது. ஆனாலும் அள்ளிக் கொடுத்து, வழியனுப்ப ஏழடி பின்னால் நடந்து வருகிறான். ஏழடிதான். மிச்ச வழியை அவனவன்தான் நடக்கவேண்டும்.

இனி மலைபடுகடாம். இதில்தான் கொஞ்சம் அதிகமாக உட்காரப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். போகவேண்டிய இடம் நன்னன் என்ற வள்ளலின் செங்கண்மா, இன்றைக்குத் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கம். பாட்டில் வரும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. பாட்டில் பாதிக்கு மேல் வழிதான். அதுவும் நடந்து பார்த்தவன் மட்டும் சொல்லக்கூடிய வழி.

காட்டுப்பன்றி விளைந்த தினையை அழிக்கும் என்று குறவர்கள் சந்து சந்தாகக் கனத்த கல்லைத் தூக்கி நிறுத்திப் பொறி வைத்திருப்பார்கள். அதனால் இருட்டில் போகாதே, விடிந்தபிறகு போ. பருக்கைக் கல் பள்ளங்களில் பாம்பு சுருண்டிருக்கும். பார்த்துக் கால் வை, விறலியர் ஒரு கும்பிடு போடட்டும், வலப்பக்கமாக விலகிப் போ. பரண்மேல் இருக்கும் காவல்காரர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது எமன் மாதிரி வரும். மரத்துக்கு மறைந்து மறைந்து போ. வழுக்கும் நீர்நிலை ஓரம் வந்தால், கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொள். "துருவின் அன்ன புன்தலை மகாரொடு ஒருவிர் ஒருவிர் ஓம்பினிர் கழிமின்." செம்மறியாட்டு மயிர் போலச் சிலுப்பிய தலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தாண்டுங்கள். அந்தத் தலைமயிரைச் சொன்னதில் பிள்ளைகள் எண்ணெய் கண்டு எவ்வளவு நாளாயிற்று என்பதும் வந்துவிடுகிறது.

சாப்பாடும் உண்டு. மலைச் சிற்றூரில் நன்னனின் கூத்தர் என்று சொல்லி, "நும் இல் போல நில்லாது புக்கு", உங்கள் வீடு மாதிரி வாசலில் நிற்காமல் உள்ளே போங்கள். நெய்யில் வெந்த கறியும் தினைச்சோறும் கிடைக்கும். இன்னொரு இடத்தில் மூங்கிலரிசியும் மேட்டுநெல் அரிசியும் அவரையும் போட்ட புளிங்கூழ். எந்த ஊரில் எந்தச் சோறு என்பதுகூடப் பிசகவில்லை.

பிறகு காடு. கவர்வழிகளில் போரில் விழுந்த மறவர்களின் பெயரெழுதி நட்ட கற்கள் இருக்கும், எண்ணினால் மிகப் பல என்கிறான். அங்கே என்ன செய்வது? பயந்து ஓடாதே, பழைய வழக்கப்படி யாழை எடுத்து ஒரு பாட்டு வாசித்துவிட்டு விரைந்து போ. செத்தவர்களுக்கும் வழிப்போக்கனின் பங்கு ஒன்று உண்டு.

அந்தக் கற்களைத் தாண்டியதும் இந்த இரண்டடி வருகிறது:

"பண்டுநற் கறியாப் புலம்பெயர் புதுவிர்
சந்து நீவிப் புன்முடிந் திடுமின்."

இந்தப் பக்கத்தை முன்னால் அறியாத புது ஆட்கள் நீங்கள். வழிகள் கூடுகிற சந்துகளில் தரையைத் துடைத்துவிட்டு, புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியவேண்டும், அதற்காக.

வாழ்க்கைப் பயணத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த இரண்டடியைத்தான் காட்டுவேன். யாரிடம் சொல்லப்படுகிறது பாருங்கள். வழி தெரிந்த பெரியவனிடம் இல்லை, "புதுவிர்" என்று கூப்பிடப்படுகிற ஆளிடம். உனக்கே வழி தெரியாது, உனக்கே பசி, பிள்ளைகள் பின்னால் இழுபடுகின்றன. ஆனாலும் சந்து வந்தால் குனிந்து ஒரு முடிச்சுப் போடு. செங்கண்மா போய்ச் சேர்ந்து பணக்காரனானபிறகு செய்யவேண்டிய தருமமாக இதை வைக்கவில்லை. போகும்போதே செய்யவேண்டியது. அதுவும் கல் நட்டு இல்லை, புல்லால். நாலு மழைக்கு மேல் நிற்காது. மறவனுக்குக் கல், வழிப்போக்கனுக்குப் புல் என்று சில அடிகளுக்குள் இரண்டையும் வைத்த புலவரின் கை தேர்ந்த கை.

இது ஏதோ செத்துப்போன வழக்கம் என்று நினைக்காதீர்கள். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு தடவை ராத்திரி நேரத்தில் காய்கறி லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். எதிரே ஏறிவந்த லாரி ஒன்று விளக்கை இரண்டு தடவை அணைத்து எரித்தது. எங்கள் டிரைவர் உடனே வேகத்தைக் குறைத்துவிட்டார். "என்னண்ணே?" என்றேன். "கீழ ஆனை நிக்குது போல." ரெண்டு வளைவு தாண்டினால் நிஜமாகவே நின்றது, குட்டியோடு. அது போகும்வரை காத்திருந்து இறங்கினோம். அடுத்து எதிரே வந்த வண்டிக்கு எங்கள் டிரைவர் விளக்கு அடித்தார். முதலில் அடித்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, இவர் யாருக்கு அடித்தார் என்பதும் தெரியாது. பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். டிரைவர் நான் தூக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஓர் ஆட்சேபம் உங்கள் கூட்டத்தில் எழலாம். ஆற்றுப்படை என்பது அரசனுக்குப் போடும் விளம்பரம்தானே என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நன்னன் காதுக்கு இனிக்கவேண்டும் என்றுதான் பாட்டு. ஆனால் வெறும் விளம்பரம் என்றால் பன்றிப்பொறியையும் பாம்புக் குழியையும் ஏன் சொல்லவேண்டும்? உன் நாட்டுக்கு வருகிற வழியில் உயிர் போகும் என்று எந்த விளம்பரக்காரன் எழுதுவான்? முகத்துதியும் வழித்துணையும் ஒரே பாட்டில் இருக்கின்றன. நான் படிப்பது இரண்டாவதற்காக.

போய்ச் சேர்ந்த இடம் கேடாக முடிந்த பயணமும் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசினால் பேச்சு இனிப்பாகிவிடும். அதற்கு முன் ஒரு சின்னப் பாட்டு: குறுந்தொகை ஏழாம் பாட்டில் ஓர் இளம் ஜோடி மூங்கில் காட்டு வழியில் போகிறது. எதிரே வருகிறவர்கள் பார்க்கிறார்கள்: அவன் காலில் கழல், அவள் மெல்லிய அடியில் இன்னும் சிலம்பு. சிலம்பு கழற்றும் சடங்கு நடக்கவில்லை, அதாவது கல்யாணம் ஆகவில்லை. "யார்கொல் அளியர் தாமே." யாரோ, பாவம். அவ்வளவுதான். திட்டவில்லை, தடுக்கவில்லை, யாரோ பெற்ற பிள்ளைகள் என்ற பரிதாபம்.

சிலம்பு என்றதும் கண்ணகி வந்துவிடுவாள். புகாரை விட்டு ஒரு காவதம், அதாவது ஒரு காதம்தான் நடந்திருப்பாள், மூச்சு வாங்க, "மதுரை மூதூர் யாது" என்று கேட்கிறாள். மதுரை எது என்று! வீட்டுவாசல் தாண்டாதவள் கேட்கிற கேள்வி. கோவலன் "ஆறைங் காதம்" என்கிறான். ஆறைந்து முப்பது காதம். ஆனால் காதில் ஆறோ ஐந்தோ என்று விழும்படி சொல், "நணித்து", பக்கந்தான் என்று வேறு சேர்த்துச் சிரிக்கிறான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்கும் எந்த அப்பனும் "இதோ வந்தாச்சு" என்று சொல்வதுதான். ஆனால் மாதவி வீட்டிலேயே கிடந்தவன், மனைவியின் கால் வலிக்குப் பொய் சொல்லும் அளவுக்கு அவளைப் பார்த்தது அந்த வழியில்தான்.

மதுரையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். சேர்ந்த இடத்தை மட்டும் வைத்து அளந்தால் அந்தப் பயணம் முழு நட்டம். ஆனால் சாவுக்குப் போகும் நாளில் கோவலன் அவளிடம் கணக்குப் பார்க்கிறான்: சுற்றத்தையும் தோழியரையும் விட்டு, "என்னொடு போந்தீங் கென்துயர் களைந்த பொன்னே கொடியே". என்னோடு வந்தாய், என் துயரைக் களைந்தாய் என்கிறான். இன்னும் சிலம்பு விற்கவில்லை, ஒரு காசு வரவில்லை. அப்படியானால் களைந்தது எது? அவள் கூட நடந்து வந்ததுதான். இளங்கோ இதை விளக்கவில்லை, நாமும் ரொம்ப விளக்கவேண்டாம்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் பாட்டு புறநானூறு 192. நீங்களும் காட்டத்தான் போகிறீர்கள். ஒரே வேண்டுகோள், "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதல் அடியோடு நிறுத்தாதீர்கள். கணியன் பூங்குன்றனார் மழை பெய்து, கல்லை மோதி இரைச்சலோடு ஓடும் பேராற்றைக் காட்டி, "நீர்வழிப் படூஉம் புணைபோல்" உயிர் முறைவழி போகிறது என்கிறார். புணை என்றால் தெப்பம். இந்தப் பாட்டில் செங்கண்மாவும் இல்லை, மதுரையும் இல்லை. தெப்பம் எங்கே ஒதுங்கும் என்ற பேச்சே கிடையாது. சரி, அதனால் என்ன செய்யவேண்டும் என்கிறார்? விட்டேத்தியாக இரு என்றா? "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." பெரியவரைக் கண்டு வாய்பிளப்பதில்லை; சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை. ஆற்றைக் காட்டிய பாட்டு, பக்கத்துத் தெப்பத்தில் வருகிறவனைப் பார்க்கும் பார்வையில் வந்து நிற்கிறது. "அதனினும்" என்ற ஒரு சொல்லில் அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்துவிடுகிறது.

வழியே வேண்டாம் என்கிற குரலும் உண்டு. நாள் வீணாகாமல் நல்லது செய்தால் அது "வாழ்நாள் வழியடைக்கும் கல்" என்கிறது 38ஆம் குறள். மறுபடி பிறந்து நடக்கிற வழியையே அடைத்துவிடும் கல்லாம். குறளோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் வழியை அடைக்கும் கல்லுக்கும் சந்தில் போட்ட புல்லுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் கை எந்தப் பக்கம் போகும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாகப் படிக்கிற முறை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சுக்குக் கொண்டுவந்தார். இணையத்தில் தேடினால் மூலம் கிடைக்கும். நேரே மலைபடுகடாத்துக்குப் போகாதீர்கள், மூச்சு வாங்கும். முதலில் பொருநராற்றுப்படை, 248 அடிதான், ஒரே உட்காரலில் முடியும், சிரிக்கவும் இடமுண்டு. அடுத்து சிறுபாணாற்றுப்படை, 269 அடி. 130ஆம் அடிப் பக்கம் அந்த அடுப்படி வரும், அங்கே அவசரப்படாதீர்கள். பிறகு மலைபடுகடாம். ஆரம்பத்திலேயே பதின்மூன்று அடிக்கு இசைக்கருவிப் பெயர்கள், ஆகுளி, பாண்டில், பதலை என்று கால் தடுக்கும். ஓரமாக விலகிப் போய்விடுங்கள், திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நச்சினார்க்கினியர் சில இடங்களில் எங்கேயோ இருக்கும் சொல்லை எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்ப்பார். அங்கே தனியாகப் போகாமல் ஒரு புது உரையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். 170ஐ நெருங்கினால் தினைச்சோறு. 193இல் பன்றிப்பொறி. 300ஐ ஒட்டி மலையின் ஓசைகள் வரிசையாக வரும், அதை வாய்விட்டுப் படியுங்கள். 390ஐத் தாண்டியதும் சந்து வரும்.